தட்டில் ஏறாத பெயர்கள்

பழைய இசைத்தட்டின் நடுவே ஒட்டப்பெற்றிருக்கும் வட்டத்தாள் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவினது. அதில் நிறுவனத்தின் பெயரும் சின்னமும் பெரிதாக இருக்கும். தட்டின் எண், பாட்டின் தொடக்கம், இராகம், தாளம் ஆகியவை சிறிய எழுத்தில் இருக்கும். அவற்றின் கீழே கலைஞர் பெயர் ஒன்று காணப்படும். நாகசுரத் தட்டாயின் அப்பெயர் நாகசுரம் வாசித்தவருடையது. தவில் வாசித்தவர், ஒத்து ஊதியவர், தாளம் தட்டியவர் ஆகியோரின் பெயர்கள் பெரும்பாலும் அங்கே இரா. நால்வரும் ஐவரும் சேர்ந்து எழுப்பிய ஓசைக்கு ஒருவர் பெயரே எஞ்சியது. தஞ்சை வளநாட்டின் இசைக்குழுக்களைப் பற்றி எழுதப் புகும் எவரும் முதலில் இந்தத் தாளின் முன்னேதான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

கவிஞர்கள் மிகுந்த நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் மேளக்காரருக்கும் இசைத்தட்டுக்கும் என்ன வேலை என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். பத்துப்பாட்டில் தோய்ந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். மலைபடுகடாம் தொடங்குவதே கூத்தர் கூட்டம் சுமந்து செல்லும் கருவிகளின் வரிசையோடுதான். முழவும் ஆகுளியும் பாண்டிலும் கோடும் தூம்பும் குழலும் எல்லரியும் பதலையும் அங்கே அடுக்கடுக்காய் வருகின்றன. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலோ ஆடலாசான், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே இலக்கணம் வகுக்கப்படுகிறது. கவிஞன் அக்குழுவில் ஓர் உறுப்பினன். தண்ணுமை வாசிப்பவனுக்குப் பக்கத்திலேதான் அவனுக்கும் இடம். அவ்வுறவை நாம் மறந்து நெடுங்காலம் ஆயிற்று.

குழுவாக இசைத்தவர்களைக் குழுவாகவே பதிந்து வைத்த வழக்கத்திற்குத் தஞ்சையிலேயே கல்லில் சான்று உண்டு. பெரிய கோயிலில் முதலாம் இராசராசனின் 29-ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்த கல்வெட்டுகளில் இரண்டை இங்கே கருதலாம். ஒன்று, திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 50 பேரை அமர்த்தியதைக் கூறுகிறது. பாடுவோர் 48 பேர். உடுக்கை வாசிப்பவர் ஒருவர். கொட்டிமத்தளம் வாசிப்பவர் ஒருவர். ஆளுக்கு நாள்தோறும் மூன்று குறுணி நெல். பாடியவர்க்கு அளந்த அதே மரக்கால்தான் கொட்டியவர்க்கும். மற்றொரு கல்வெட்டு 400 தளிச்சேரிப் பெண்டுகளை வீட்டு வரிசைப்படி குறிக்கிறது. தெற்குத் தளிச்சேரியின் தென்சிறகில் தலைவீட்டில் இருந்தவள் நக்கன் சேரமங்கை என்பது வரை அது சொல்லும். ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல். அப்பெண்டுகளைத் தொடர்ந்து நட்டுவம் செய்வோர், வங்கியம் ஊதுவோர், வீணை வாசிப்போர், கொட்டிமத்தளம் கொட்டுவோர், சங்கு ஊதுவோர் எனப் பட்டியல் நீள்கிறது. ஒருவர் இறந்தாலோ ஊர்விட்டுப் போனாலோ அப்பங்கு அவருடைய உறவில் தகுதி உடையவர்க்குச் செல்ல வேண்டும், அத்தகையவர் இல்லையேல் தகுதியான வேறொருவரை அமர்த்த வேண்டும் என்ற விதியும் உடன் வெட்டப்பட்டிருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உளியால் எழுதிய காலத்தில் இடம் கிடைத்த பக்கக் கருவியாளர்க்கு, அச்சுப்பொறி வந்த காலத்தில் உள்ளங்கை அளவுத் தாளில் இடம் கிடைக்கவில்லை. இக்கட்டுரைக்கு என்னைத் தூண்டியது இந்த முரண்தான்.

இனி, அந்தக் குழுவைப் பார்ப்போம். காவிரிப் படுகையில் நாகசுரக் குழுவை மக்கள் 'செட்டு' என்றே வழங்குவர். கல்யாண வீட்டில் "யார் செட்டு?" என்று கேட்டால், எந்த ஊர் மேளம் என்பது பொருள். நூல்கள் அதனைப் பெரிய மேளம் என்னும்; சதிராட்டத்துக்குரிய குழு சின்ன மேளம். பெரிய மேளத்தில் நாகசுரம், தவில், ஒத்து, தாளம் என்ற நான்கும் அடிப்படை. நாகசுரத்தின் உடலாகிய உலவு ஆச்சா மரத்தால் ஆனது. பழைய வீடுகளின் உத்தரமாகவும் தூணாகவும் இருந்து நெடுநாள் உலர்ந்த மரத்தையே ஆசாரிமார் விரும்பிக் கடைவர். வாயில் பொருந்தும் சீவாளி காவிரிக்கரை நாணலிலிருந்து செய்யப்படுவது. இக்கருவியை ஆக்குவதில் பெயர்பெற்ற நரசிங்கன்பேட்டை, கும்பகோணத்திற்கும் மயிலாடுதுறைக்கும் இடையே உள்ளது. அவ்வூர் நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிட்டியது. தவிலின் உடல் பலா மரம். வலக்கை விரல்களில் ஏறும் கூடுகள் ஒரு பக்கமும், இடக்கையில் பிடிக்கும் பூவரசங்கழி மறுபக்கமும் அதனைப் பேச வைக்கின்றன. ஒத்து என்பது விரல் துளைகள் இன்றி ஒரே சுருதியை இடையறாது ஒலிக்கும் குழல். அதை ஊதுபவர் மூச்சை முறியவிடாமல், கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் இழுத்து, வாயால் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுப் பிள்ளைகள் தொழிலுக்குள் நுழைந்த வாசல் தாளமும் ஒத்தும்தான். தாளம் தட்டியே காலப்பிரமாணம் படிந்தது. ஒத்து ஊதியே மூச்சு பழகியது. தந்தையின் பின்னால் நின்று தாளம் தட்டிய சிறுவன் பின்னாளில் தந்தையின் இடத்துக்கு வந்தான்.

திருவிழாக் காலத்தில் இக்குழுவின் வேலை இரவெல்லாம் நீளும். சுவாமி புறப்பாட்டுக்குக் கம்பீரநாட்டையில் மல்லாரி. அதற்குச் சொல் இல்லை. சொற்கட்டும் நடையும் மட்டுமே. தேருக்கு ஒன்று, தீர்த்தத்துக்கு ஒன்று, தளிகைக்கு ஒன்று என மல்லாரியிலேயே வகைகள் உண்டு. வீதியில் நின்று நின்று இராக ஆலாபனை, இரத்தி, பல்லவி என விரியும். பள்ளியறைக்கு நீலாம்பரி, விடியலில் பூபாளம். நான்கு வீதிகள் சுற்றி முடிப்பதற்குள் பொழுது புலரும். கேட்பவர்களும் உடன் நடந்தார்கள். வயலில் நாற்று நட்டுவிட்டு வந்த உழவரும், திண்ணையில் சாய்ந்திருந்த மிராசுதாரும் ஒரே தெருவில் ஒரே இராகத்தைக் கேட்ட இடம் அதுவொன்றே என்று சொல்லத் தோன்றுகிறது. ஆயினும் வாசித்தவரின் நிலை வேறு. நடந்துகொண்டும் நின்றுகொண்டும் வாசிக்க வேண்டும், மேலாடை அணியலாகாது, தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டும். திருக்குவளையில் 1924-இல் இசைவேளாளர் குடும்பத்தில் பிறந்த மு. கருணாநிதி அவர்கள், சிறுவயதில் நாகசுரப் பயிற்சியின்போது கண்ட இத்தகைய இழிவே அப்பயிற்சியிலிருந்து தம்மை விலக்கியது என்று எழுதியிருக்கிறார். நாகசுரக்காரர் அனைவரும் இசைவேளாளர் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். மருத்துவர் குலத்தில் பிறந்து இக்கருவியைப் பேணியவர்கள் பலர். கோயில் மரியாதையிலும் பின்னால் எழுதப்பட்ட வரலாறுகளிலும் அவர்களுக்குக் கிடைத்த இடம் இன்னும் குறுகியது.

இத்தகைய இசைதான் அரக்குத் தட்டுக்குள் புகவேண்டி வந்தது. இந்தியாவில் ஒலிப்பதிவு 1902-இல் கல்கத்தாவில் தொடங்கிற்று. 1908 முதல் அந்நகரிலேயே தட்டுகள் அச்சிடப்பட்டன. நிமிடத்துக்கு 78 சுழற்சி; பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம். தொடக்கத்தில் ஒலிவாங்கி இல்லை. பெரிய ஊமத்தம்பூப் போன்ற குழாயின் வாய்க்கு எதிரே நின்று பாடவோ வாசிக்கவோ வேண்டும். ஓசையின் விசையே ஊசியை அசைத்து மெழுகில் கீறும். மின்வழிப் பதிவு வந்தது 1925-இல். மெல்லிய குரலைப் பதிவதற்காகக் கவலைப்பட்ட அந்தக் குழாயின் முன், நான்கு வீதிக்கும் கேட்கும்படி வளர்ந்த நாகசுரத்தையும் தவிலையும் கொண்டுபோய் நிறுத்துவது எத்தகைய இடர் என்பதை ஊகிக்கலாம்.

இந்த இடர் நமக்கு மட்டும் உரியதாய் இருக்கவில்லை. 1923-இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து ரிச்மண்டு நகரில் கிங் ஆலிவரின் ஜாஸ் குழு தன் முதல் தட்டுகளைப் பதிந்தது. அடிமைப்பட்டுக் கிடந்த கறுப்பின மக்களின் வழிவந்த கலைஞர்கள் அவர்கள். பெருமுரசு அதிர்ந்தால் ஊசி துள்ளிவிடும் என்பதனால் முரசுக்காரர் மரக்கட்டையைத் தட்டி ஒப்பேற்ற வேண்டியிருந்தது. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற லூயி ஆம்ஸ்ட்ராங், அவர் ஊதுகொம்பின் ஓசை பெரிதென்று மற்றவர்களுக்குப் பின்னே தள்ளி நிறுத்தப்பட்டார். பதிவுக் கருவிக்கு ஏற்பக் குழுவின் வடிவமே மாறியது. அத்தட்டுகளைக் கேட்டு அக்குழு தெருவில் எப்படி முழங்கியது என்று முடிவு கட்டுவது தவறு என அந்நாட்டு இசை வரலாற்றாளர்கள் எச்சரிக்கிறார்கள். நம் நாகசுரத் தட்டுகளையும் அதே எச்சரிக்கையோடுதான் கேட்க வேண்டும். மூன்று நிமிடத்துள் அடங்குவது கீர்த்தனையின் ஒரு பகுதி, அல்லது ஆலாபனையின் சாரம். மணிக்கணக்கில் விரியும் இரத்தியும் பல்லவியும் தட்டின் எல்லைக்குள் வர இயலவில்லை. ஆலாபனைத் தட்டில் தவிலுக்கு வேலை மிகக் குறைவு. மக்கள் மிகுதியும் வாங்கியவையோ ஆலாபனைத் தட்டுகள்!

'பேண்டு' என்ற சொல்லும் தஞ்சைக்குப் புதிதன்று என்பதை இடையே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் சரபோசி மன்னர் (ஆட்சி 1798-1832) அரண்மனையில் ஐரோப்பிய முறைக் குழு ஒன்றை வளர்த்தார். அக்காலத்து மேலை இசைக் குறிப்புகள் சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர், ஆங்கிலேயரின் குழுக்கள் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு வடமொழியில் இயற்றிய நோட்டுசுவர சாகித்தியங்கள் இன்றும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்று ஆங்கில அரச வாழ்த்தின் மெட்டில் அமைந்தது. அந்தப் பேண்டு தாளில் எழுதிய சுரத்தைப் பார்த்து வாசித்தது. பெரிய மேளம் செவிவழியே கற்றது. ஆதலால் பேண்டுக்குத் தாள் என்ன செய்ததோ அதை மேளத்துக்குச் செய்யக்கூடிய பொருளாகத் தட்டு ஒன்றே பிற்காலத்தில் வந்து வாய்த்தது. அதன் அருமை இங்கேதான் இருக்கிறது.

தட்டுகளின் காலத்தில் உச்சியில் நின்றவர் திருவாவடுதுறை டி.என். இராசரத்தினம் பிள்ளை (1898-1956) என்பதில் ஐயமில்லை. அவருடைய தோடித் தட்டு தமிழகத்தில் ஒலிக்காத ஊர் இல்லை என்னும்படி பரவியது. தட்டின் இரு பக்கங்களுக்குள் அவர் தோடியைச் சுருக்கவில்லை. அந்த இராகம் எங்கே போகக்கூடும் என்பதைக் காட்டிவிட்டு நிறுத்தியிருக்கிறார் என்றே எனக்குக் கேட்கிறது. அவர் செய்த மாறுதல்கள் இசைக்கு அப்பாலும் சென்றன. குடுமியை நீக்கிக் கிராப்பு வைத்தார். சட்டையும் கோட்டும் அணிந்தார். வாய்ப்பாட்டுக்காரருக்கு ஒப்ப மேடையில் அமர்ந்து கச்சேரி செய்தார். 1940-இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'கவி காளமேகம்' படத்தில் காளமேகப் புலவராக நடித்தார். அப்படத்துக்குப் பாவேந்தர் பாரதிதாசனார் எழுதினார் என்பது நம் வட்டத்துக் கவிஞர்களுக்கு உவப்பான செய்தியாக இருக்கும். 1947 ஆகஸ்டு 14 நள்ளிரவை ஒட்டி நாடு விடுதலை பெற்ற வேளையில் தில்லி வானொலியில் அவர் நாகசுரம் ஒலித்தது. இடுப்பில் துண்டு கட்டி நின்ற ஒரு குலத்துக்கு அவர் ஒருவர் பெற்றுத் தந்த தலைநிமிர்வு சிறிதன்று.

கருவியும் அவர் காலத்தில் மாறியது. பழைய திமிரி நாகசுரம் குட்டையானது. உச்ச சுருதியில் ஒலிப்பது. இராசரத்தினம் பிள்ளை நீண்ட, தாழ்ந்த சுருதியுடைய பாரியின் பக்கம் சென்றார். சுத்த மத்திமம் உதட்டின் பிடியால் வருவித்துக்கொள்ள வேண்டிய சுரமாகவே இருந்தது. நரசிங்கன்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அவர்கள் பல சோதனைகளுக்குப் பின் அதனை நேராகவே தரும் பாரி நாகசுரத்தை ஆக்கி, 1950-களின் நடுவில் அவர் கையில் கொடுத்தார். கருவி செய்தவர் பெயர் இந்த அளவுக்கு நினைவில் நிற்பது அரிது. அது நின்றதற்கு வாசித்தவரின் புகழும் ஒரு காரணம்.

இவற்றோடு சேர்ந்து நடந்த வேறொன்றையும் கூறவேண்டும். ஒத்தின் இடத்தில் அவர் தம்புராவை வைத்தார். மேடைக்கு அது பொருந்தியது, செவிக்கும் இனிது. பின்னர் சுருதிப்பெட்டி எங்கும் பரவியது. ஒத்து ஊதுபவர் செட்டிலிருந்து மெல்ல மறைந்தார். மின்சுருதி வந்தபின் அந்த மூச்சுப் பயிற்சிக்கே தேவையற்றுப் போயிற்று. தவிலிலும் இத்தகைய மாற்றம் நேர்ந்தது. செட்டுக்கு உரிய தவிலோடு, பெயர்பெற்ற வித்துவான் ஒருவரைத் தனியே அழைத்துச் சேர்க்கும் 'ஸ்பெஷல் தவில்' வழக்கம் பெருகியது. கேட்பவர்க்கு விருந்துதான். ஆனால் பல்லாண்டுகள் ஒன்றாக வாசித்து, ஒருவர் மூச்சை மற்றவர் அறிந்த குழு என்ற அமைப்பு அதனால் தளர்ந்தது என்பது என் எண்ணம். பெரும் கலைஞர்களைக் குறை கூறும் நோக்கம் எனக்கு இல்லை. வட்டத்தாளில் ஒரு பெயர் மட்டும் அச்சாகத் தொடங்கிய காலமும், செட்டு என்பது ஒரு பெயரைச் சுற்றிக் கூடிப் பிரியும் கூட்டமாக மாறிய காலமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன.

அதனால்தான் தோடியின் ஒளியில் மறைந்துபோன வேறு சில தட்டுகளை மீண்டும் கேட்கும்படி அன்பர்களை வேண்டுகிறேன். அவற்றுள் முதலில் வைக்கத்தக்கவை திருவீழிமிழலை சகோதரர்களின் தட்டுகள். சுப்பிரமணிய பிள்ளை, நடராசசுந்தரம் பிள்ளை ஆகிய இருவரும் இணைந்து வாசித்தது, இரட்டை நாகசுரத்துக்கு ஓர் இலக்கணத்தையே உண்டாக்கியது. இராகத்தை விரிப்பதே நாகசுரக்காரனின் பெருமை என்றிருந்த காலத்தில், கீர்த்தனையைச் சாகித்தியம் தெரிய வாசிப்பதை இவர்கள் தம் நெறியாகக் கொண்டனர். பாட்டு தெரிந்தவர் கேட்டால் சொற்கள் எங்கே பிரிகின்றன என்பது காதில் விழும். குழலில் எழுத்து இல்லை. ஆயினும் வல்லினமும் மெல்லினமும் இருப்பதுபோல் தோன்றும். துத்துகாரமும் விரலடியும் எப்போது, எவ்வளவு என்பதில் அவர்கள் காட்டிய கட்டுப்பாடு யாப்பறிந்தவர்களுக்குப் புரியும். சீரும் தளையும் பிசகாத ஓட்டம் அது. சென்னை மியூசிக் அகாதெமி 1956-இல் சுப்பிரமணிய பிள்ளைக்குச் சங்கீத கலாநிதி விருது அளித்தது. இராசரத்தினம் பிள்ளைக்கு அவ்விருது வழங்கப்பெறவே இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் அவர் மறைந்தார். எனினும் இன்று தெருவில் எவரையும் நிறுத்திக் கேட்டால் தோடி தெரியும், திருவீழிமிழலை தெரியாது. விருதும் மக்கள் நினைவும் வெவ்வேறு பாதையில் சென்றதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

திருவீழிமிழலையாரின் தட்டுகளை நான் பரிந்துரைப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. கீர்த்தனையில் தவிலுக்கு ஓயாத வேலை. அக்காலத் தவிலுலகின் முடிசூடா மன்னர் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1894-1949). அவர் இச்சகோதரர்களுக்கும் இராசரத்தினம் பிள்ளைக்கும் வாசித்தவர். தவிலை வாய்ப்பாட்டுக் கச்சேரி மேடைக்கும் கொண்டுசென்றவர். தவில் என்றால் இடியோசை என்று எண்ணுபவர்கள், நல்ல தவில் ஒரு கீர்த்தனையின் அனுபல்லவி முடியும் இடத்தில் எப்படித் தன்னை அடக்கிக்கொள்கிறது, சரணத்தின் எடுப்புக்கு எப்படி வழிவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் முறை கேட்கும்போது நாகசுரத்தை விட்டுவிடுங்கள். தவிலை மட்டும் கேளுங்கள். இரண்டாம் முறை தாளத்தை மட்டும் கேளுங்கள். அந்தச் சிறு வெண்கல ஒலி சற்றும் பிறழாமல் மூன்று நிமிடமும் நடக்கும். அதை ஒரு மனிதர் தட்டினார் என்ற நினைவு அப்போதுதான் நமக்கு வரும்.

திருவீழிமிழலைக்கு அண்மையதான திருப்பாம்புரத்து நடராசசுந்தரம் பிள்ளை இந்த மரபுக்கு வேறொரு வழியில் தொண்டு செய்தவர். நாகசுரக் குடும்பத்தவரான அவர், தம் பாடாந்தரத்தில் இருந்த தீட்சிதர் கீர்த்தனைகளைச் சுரப்படுத்தி 1936-இல் 'தீட்சிதர் கீர்த்தனைப் பிரகாசிகை' என்ற நூலாக வெளியிட்டார். மேளக்காரர் என்றால் எழுத்தறியாதவர் என்ற எண்ணத்துக்கு அந்நூல் மறுப்பு. அவருடைய மகன் சுவாமிநாத பிள்ளை புல்லாங்குழலில் பெரும்பெயர் பெற்று 1953-இல் சங்கீத கலாநிதி ஆனார்.

அதே 1936-இல் பாரிசு நகரில் சார்ல் டெலோனே என்ற இளைஞர் ஒரு நூலை வெளியிட்டார். ஜாஸ் தட்டுகளின் பட்டியல் அது. ஒவ்வொரு தட்டிலும் ஊதியவர் யார், முரசடித்தவர் யார், பியானோ யார், எந்த ஊரில், எந்த நாளில் பதியப்பட்டது என்று, வட்டத்தாளில் இல்லாத விவரங்களைத் தேடித் தேடித் தொகுத்தார். கலைஞர்களை நேரில் கேட்டும், ஒவ்வொருவரின் வாசிப்பை அடையாளம் கண்டும் செய்த வேலை. கறுப்பின இசைக்குழுக்களின் வரலாறு பின்னால் எழுதப்பட்டதற்கு இத்தகைய பட்டியல்களே அடித்தளம் ஆயின. இசையின் இலக்கணம் பேசும் நூல்கள் நம்மிடம் உண்டு. ஆபிரகாம் பண்டிதரின் 'கருணாமிர்த சாகரம்' 1917-லேயே தஞ்சையிலிருந்து வெளிவந்தது. நம் மேளத் தட்டுகளுக்கு வேண்டியது அதனினும் எளிய ஒன்று: இந்தத் தட்டில் தவில் யார் என்பதைச் சொல்லும் ஒரு வரி.

இவ்வழியில் நடந்தவர்கள் இல்லாமல் இல்லை. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மகனான முனைவர் பி.எம். சுந்தரம் அவர்கள் 'மங்கல இசை மன்னர்கள்' என்ற நூலில் நாகசுர, தவில் கலைஞர் பலரின் வாழ்வைத் தொகுத்தார். ஊர் ஊராகச் சென்று குடும்பத்தாரிடம் கேட்டு எழுதிய அந்நூல் இல்லையேல் நூற்றுக்கணக்கான பெயர்கள் காற்றோடு போயிருக்கும். யோசிதாகா தெராடா என்ற சப்பானிய அறிஞர் இராசரத்தினம் பிள்ளையைப் பற்றி ஆய்ந்து 1992-இல் வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். கடல் கடந்து வந்த ஒருவர் மேளக்காரரின் வாசலில் அமர்ந்து கேட்டதை, அதே தெருவில் குடியிருந்த தமிழ்த்துறையினராகிய நாம் கேட்கவில்லை. நாங்கள் கோவலனின் யாழில் எத்தனை நரம்பு என்று ஆராய்ந்துகொண்டிருந்தோம்! அதுவும் வேண்டுவதே, ஆயினும் பக்கத்து வீட்டுத் தவிலையும் ஒருவர் விசாரித்திருக்கலாம்.

பதிவும் ஒலிபரப்பும் மேளத்தைக் காத்தனவா, கெடுத்தனவா என்ற வினாவுக்கு ஒரே விடை சொல்ல இயலாது. 1939 மே 16-இல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையம் படுகையின் செட்டுகளுக்குப் புதிய கேட்போரைத் தந்தது. தட்டுகளைக் கேட்டுத் தொலைவிலிருந்தோர் இந்தப் பாணிக்கு வந்தார்கள். ஆந்திர நாட்டுக் கரவதியில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா சாகிபு, நாச்சியார்கோயில் இராசம்-துரைக்கண்ணு சகோதரர்களிடம் தஞ்சைப் பாணியைக் கற்று, திருவரங்கத்தில் குடியேறி அப்பாணியின் தூணாகவே ஆனார். ஈழத்துக் கோயில் திருவிழாக்களுக்குப் படுகையின் செட்டுகள் கடல் கடந்து சென்றன. அங்கிருந்து வந்த யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி (1933-1975) தஞ்சைத் தவிலுலகையே வியக்க வைத்தார். இவையெல்லாம் வரவு.

செலவுக் கணக்கும் உண்டு. ஒலிப்பெருக்கி வந்தபின் சிறிய வீட்டுக் கல்யாணங்களில் செட்டுக்குப் பதிலாகத் தட்டு சுழன்றது. பின்னர் ஒலிநாடா வந்தது. 'மங்கல இசை' என்று அட்டையில் அச்சிட்ட நாடா ஒன்று தாலி கட்டும் நேரத்துக்குப் போதும் என்றாயிற்று. இன்று அது செல்பேசியில் இருக்கிறது. கெட்டிமேளத்துக்கு விரலை ஆட்டிச் சைகை காட்டும் பெரியவர், எவரிடம் காட்டுகிறோம் என்று தேடும் நிலையைக் கண்டிருக்கிறேன். கோயில்களில் நகராவும் மணியும் சேர்ந்த மின்பொறி நிற்கிறது. பொத்தானை அழுத்தினால் அது முழங்கும். அதற்கு நெல் அளக்க வேண்டியதில்லை. நாகசுர ஓசை ஊரெங்கும் முன்னினும் மிகுதியாகக் கேட்கிறது. நாகசுரக்காரருக்கு ஆடி போனால் ஆவணி என்ற நம்பிக்கைதான் குறைந்துவிட்டது.

தட்டுகள் இன்னும் நம் வீடுகளில் கிடக்கின்றன. பரணில், இரும்புப் பெட்டியில், பழைய புடைவைக்கு அடியில். 'ஆல்பம்' என்று இன்றைய இளைஞர்கள் சொல்லும் சொல்லே ஒருகாலத்தில் தட்டுகளைச் செருகி வைக்கும் உறைகளைத் தைத்த கனத்த ஏட்டைத்தான் குறித்தது. அத்தகைய ஏடு ஒன்று எங்கள் உறவினர் வீட்டில் இருந்து என்னிடம் வந்தது. பாதி உறைகள் காலி. உடைந்த தட்டுகளைப் பிள்ளைகள் விளையாட எடுத்துக்கொண்டனராம். எஞ்சிய நாகசுரத் தட்டுகளில் ஒன்றைக் குறுந்தகட்டுக்கு மாற்றி வகுப்பில் ஒலிக்கச் செய்தேன். சிலம்பின் இசைக்குழுவை விளக்குவதற்காக அதைப் பயன்படுத்தினேன். மாணவர் ஒருவர் தவில் குடும்பத்தைச் சேர்ந்தவர். வகுப்பு முடிந்ததும் அந்தக் குறுந்தகட்டைக் கேட்டு வாங்கிச் சென்றார்.

மறுவாரம் திருப்பித் தந்தபோது, தம் வீட்டுப் பாட்டி அதைக் கேட்டதாகச் சொன்னார். எண்பது கடந்தவர். முதல் முறை கேட்டு ஒன்றும் சொல்லவில்லையாம். இரண்டாம் முறை, சரணத்துக்குமுன் வரும் ஒரு சிறு முத்தாய்ப்பில் கையை உயர்த்தி, "இது உங்க தாத்தாவுக்கு அண்ணன் கை" என்றாராம். அந்தத் தாத்தாவின் தமையனார் சென்னைக்குச் சென்று தட்டுக்கு வாசித்தார் என்பது அந்த வீட்டில் எவருக்கும் தெரியாது. பாட்டிக்கும் தெரியாது. அவர் அறிந்தது அந்தக் கையை மட்டுமே. அடுப்படியிலிருந்து நாள்தோறும் கேட்ட சாதகம். இதனை ஆய்வுச் சான்றாக எந்தப் பல்கலைக்கழகமும் ஏற்காது. நானும் ஆய்வேட்டில் இதை எழுதத் துணியேன்.

ஆயினும் அந்தத் தட்டின் உறைமீது, நாகசுரக்காரரின் பெயருக்குக் கீழே, 'தவில்' என்று பென்சிலால் எழுதி, பாட்டி சொன்ன பெயரைச் சேர்த்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் இட்டு வைத்திருக்கிறேன். ஒத்து, தாளம் என்ற இரண்டு சொற்களையும் எழுதி, எதிரே இடம் விட்டிருக்கிறேன். நம் வட்டத்து அன்பர்கள் வீட்டுப் பரண்களில் இவ்வகைத் தட்டு கிடைக்குமானால், உடைவதற்குமுன் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, அந்தத் தெருவிலே மூத்த மேளக்காரர் வீடு எது என்று விசாரித்துப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். மாலை நேரம் நல்லது; கேட்பதற்கு வீட்டிலுள்ள பெண்களையும் அழைத்து உட்கார வையுங்கள்.